லீவு நாள் கேன்

போன மாதம், நான் வேலை பார்த்த பிரிவிலிருந்து ஒரு இளம் டாக்டர் வீட்டுக்கு வந்தாள். கையில் போன். சிறுநீரகக் கல் ஒருமுறை வந்து போனவர்களுக்காக ஒரு ஆப் செய்திருக்கிறார்களாம். குறித்த நேரத்துக்கு மணி அடிக்கும், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லும், குடித்துவிட்டுத் திரையில் இருக்கும் டம்ளர் படத்தைத் தொட வேண்டும். மரக்காணத்தில் முகாம் போட்டு, உப்பளத்து ஆட்களின் போனிலெல்லாம் அதை ஏற்றிக் கொடுக்கப் போகிறார்கள்.

“நீங்கதான் மேடம் அந்தப் பக்கம் ரொம்ப வருஷம் கிளினிக் போனீங்க. கல்லு வராம தடுக்கறதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, புக்லெட்ல போடறோம்,” என்றாள்.

“மணி அடிச்சா குடிப்பாங்க. குடிச்ச பிறகு?”

“கல்லு வராது மேடம்.”

காபி கொடுத்து அனுப்பினேன். அவள் கேட்டது இரண்டு பக்கம். கொஞ்சம் நீண்டுவிட்டது. எனக்குப் பொறுமை குறைவு என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சுருக்கமாகச் சொல்லவும் வராது என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

நான் சிறுநீரக மருத்துவர். கல்லை உடைத்து எடுப்பவர் சர்ஜன், அது வேறு படிப்பு. கல் ஏன் வந்தது, திரும்ப வராமல் எப்படித் தடுப்பது, கிட்னி கெட்டுப்போனால் என்ன செய்வது, இதெல்லாம் என் பக்கம். கல்யாண வீடுகளில் “நீங்கதான் கல்லு எடுக்கற டாக்டரா?” என்று கேட்பவர்களிடம் வேலைக்காலம் முழுவதும் இதை விளக்கியிருக்கிறேன், ஒருவர் மனதிலும் நின்றதில்லை. படித்தது எல்லாம் சென்னையில். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்கம் கிடையாது, மெஸ் சாப்பாடு, பரீட்சை. சொல்ல வேண்டியது எங்கள் பேராசிரியரைப் பற்றி. அவரை நாங்கள் சீஃப் என்றுதான் சொல்வோம்.

சீஃப் குள்ளமான மனிதர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை, மேலே கோட் போட மாட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். எதிரில் நிற்பவரைப் பார்க்க இஷ்டமில்லை என்று அர்த்தம். நோயாளிகள் யாராக இருந்தாலும் ‘நீங்க, வாங்க’தான். “நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க” என்று ஆரம்பிப்பார். அவர்கள் பல் விளக்கியதில் தொடங்கி ராத்திரி பாய் போட்டது வரை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். பின்னால் நாங்கள் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்போம்.

அவருடைய காலை ரவுண்ட்ஸ் கட்டிலில் தொடங்காது. வார்டின் கோடியில், பாத்ரூம் ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கும் யூரின் கேன்களில்தான் தொடங்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் சிறுநீரைப் பிடித்துச் சோதிப்போம். காலையில் எழுந்ததும் முதலில் போவதை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு போவதெல்லாம் கேனுக்குள். மறுநாள் காலை எழுந்ததும் போவதையும் சேர்த்து மூடிக் கொண்டுவர வேண்டும். அளவு எவ்வளவு, அதில் கால்சியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று லேபில் பார்ப்பார்கள். கல் வருகிறவர்களுக்குக் கேன் கழுத்து வரை நிறைந்திருந்தால் நல்லது, அடியில் கிடந்தால் ஆபத்து. சீஃப் ஒவ்வொரு கேனையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், சாய்ப்பார், மூடியைத் திறந்து முகர்வார். “இவங்க யாரு?” என்று கேனைக் காட்டிக் கேட்பார். பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். முகம் சுளித்தவருக்கு அன்று முழுவதும் கேன் கழுவுகிற வேலை.

ஒருமுறை நான் கேஸ் ஷீட்டில் ‘நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லப்பட்டது’ என்று எழுதியிருந்தேன்.

“நிறையன்னா எவ்ளோம்மா?” என்றார்.

“பத்துப் பன்னெண்டு டம்ளர் சார்.”

“யாரு வீட்டு டம்ளர்?”

கண்ணாடி சட்டைப்பைக்குப் போய்விட்டது. நான் அந்த அம்மாவிடம் போய் அவர் வீட்டு டம்ளர் எத்தனை பெரிது என்று கையால் காட்டச் சொல்லிக் கேட்டு வந்தேன். இந்த மாதிரி நேரங்களில் அவர் கடைசியாகச் சொல்வது எப்போதும் ஒன்றுதான். “நாம எழுதறது, அவங்க சொல்றது எல்லாத்துலயும் பொய் இருக்கும். கேன் பொய் சொல்லாதும்மா.” இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து நான் சேர்ந்த அரசு மருத்துவமனையிலிருந்து வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, மரக்காணத்தில் கிளினிக். ஜீப்பில் போவோம். பெருமுக்கல் மலை தாண்டியதும் காற்றில் ஒரு பிசுபிசுப்பு வரும். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லோடு வருவார்கள். குப்பத்து மீனவர்கள், உள்ளூர் விவசாயிகள், எல்லோரையும்விட அதிகமாக உப்பளத்துப் பெண்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்துக் குடித்து வயிறு கெட்டு வருவார்கள். கல்லில் கால்சியம் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் பாலையே நிறுத்தியிருப்பார்கள். பாலை நிறுத்தினால் கல் கூடத்தான் செய்யும். பாலைக் குடி, உப்பைக் குறை, எலுமிச்சம்பழம் பிழிந்து தண்ணீர் குடி என்று தொண்டை வறளச் சொல்வேன். உப்பைக் குறைக்கச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள்.

முதலில் அதற்குப் பதில் சொன்னவள் கன்னியம்மா.

“உப்பு வார்றவளைப் பாத்து உப்பைக் கொறைன்னு சொல்றீங்களே டாக்டரம்மா. எங்க ஓனருக்குத் தெரிஞ்சா உங்களை ஊருக்குள்ளயே வுடமாட்டாரு.”

முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். அவளும் கணவர் வீரமுத்துவும் ஒரே உப்பளத்தில் வேலை செய்தார்கள். பாத்தியில் காய்ந்து படியும் உப்பைப் பலகையால் இழுத்துக் கூட்டுவார்கள், கூடையில் அள்ளி வரப்புக்குத் தூக்கிவந்து கொட்டுவார்கள். ஒருவர் வார, ஒருவர் தூக்க, ஜோடி ஜோடியாகத்தான் வேலை. கன்னியம்மாவின் வலது கிட்னியைச் சில வருடம் முன்பு வேறு ஊரில் எடுத்துவிட்டார்கள். கல் அடைத்துச் சீழ் பிடித்து அது சுருங்கிப் போயிருந்தது. மிச்சம் இருந்தது இடது கிட்னி ஒன்று. அதிலும் அரிசி அளவில் கல் தெரிந்தது. அதைக் காப்பாற்றத்தான் என்னிடம் அனுப்பினார்கள். அது போனால் வாழ்நாள் முழுவதும் டயாலிசிஸ், வாரம் மூன்று நாள் மெஷின்.

“தண்ணி குடிக்கிறீங்களா?”

“சொம்பு சொம்பா குடிக்கிறேன் டாக்டரம்மா.”

நான் யார் பேச்சையும் நம்புகிறவள் இல்லை. கேனைக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வியாழக்கிழமை துணிப்பையில் சுற்றி, பிரசாதம் கொண்டுவருகிற மாதிரி பத்திரமாகக் கொண்டுவந்தாள். கேன் கழுத்து வரை வந்திருந்தது. வெளிர் மஞ்சள், கலங்கல் இல்லை. லேப் ரிசல்ட்டும் நன்றாக இருந்தது. சில மாதம் கழித்து மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் நல்ல கேன். வெளியே உட்கார்ந்திருந்த பெண்களிடம் “இவங்களை மாதிரி குடிக்கணும்” என்று சொன்னேன். கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன்.

ஸ்கேனில் மட்டும் கல் வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்கேன் ஒன்று சொன்னது, கேன் ஒன்று சொன்னது. நான் சீஃபின் மாணவி, கேன் பக்கம் நின்றேன்.

சித்திரை மாதம் உப்பு நன்றாக விளையும். பாத்தியில் யாருக்கும் லீவு கிடைக்காது. அப்படி ஒரு நாள் மத்தியானம் வீரமுத்து அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கே வந்துவிட்டார். முகம் ஊதியிருந்தது. மூச்சு வாங்கியது.

“ரெண்டு நாளா வாந்தி டாக்டரம்மா. வெயில் ஒத்துக்கலன்னு நெனச்சிட்டோம்,” என்றார் வீரமுத்து.

“யூரின் கடைசியா எப்போ போனீங்க?”

கன்னியம்மா யோசித்தாள். “நேத்து... இல்ல, முந்தாநேத்து.”

“வரலையேன்னு தோணலையா?”

“பகல்ல எப்பவும் போறதில்லியே டாக்டரம்மா. ராத்திரி வாந்தியில அசந்துட்டேன்.”

அந்தப் பதில் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. ஏற நேரமும் இல்லை. இ.சி.ஜி.யில் அலைகள் கூடாரம் அடித்த மாதிரி கூராக நின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது, இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடக்கூடிய அளவுக்கு. ஸ்கேனில் இடது கிட்னி வீங்கிக் கிடந்தது. அரிசி அளவில் இருந்த கல் வளர்ந்து கீழே இறங்கி, கிட்னியிலிருந்து வரும் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கிட்னி இருக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் அடைத்தால் வலியில் துடிப்பார்கள், மற்றது வேலை பார்க்கும். இவளுக்கு மற்றது இல்லை.

இதயத்தைக் காக்க முதலில் கால்சியம் ஊசி. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செலுத்த வேண்டும், அவசரப்பட்டால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். கையில் சிரிஞ்சை வைத்துக்கொண்டு அலை தணிவதை நானே நின்று பார்த்தேன். பிறகு பொட்டாசியத்தை இறக்கக் குளுக்கோஸோடு இன்சுலின். சர்ஜன் வந்துவிட்டார். கல்லைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை விடுவிக்க வேண்டும். ஆனால் மயக்க மருந்து டாக்டர், இந்தப் பொட்டாசியத்தில் தொடமாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி. அப்படியானால் முதலில் ஒரு டயாலிசிஸ். கழுத்தில் குழாய் போட மருந்து தடவும்போது அவள் மெஷினைப் பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஷின்ல போடறீங்களா டாக்டரம்மா? அதுல போட்டா அப்புறம் எறக்கவே மாட்டாங்க. எங்க ஊர்ல ஒருத்தரு அப்படித்தான் பஸ் ஏறிப் போய்க்கினே இருக்காரு.”

“இது ஒரு தடவைக்குத்தான்.”

“சத்தியமா?”

டாக்டர்கள் சத்தியம் செய்யக் கூடாது. சீஃப் பக்கத்தில் இருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். “ஒரு தடவைக்குத்தான்,” என்று மறுபடியும் சொன்னேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. எனக்கு அப்போது பயமாக இருந்தது.

டயாலிசிஸ் முடிந்து பொட்டாசியம் இறங்கியதும் சர்ஜன் வேலையைத் தொடங்கினார். நான் தியேட்டரில் கட்டிலுக்கு அடியில் தொங்கிய யூரின் பைக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. முதலில் கலங்கலாக ஒரு சொட்டு, அப்புறம் இழையாக, அப்புறம் தாரையாக இறங்கியது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. சர்ஜன் கவனிக்கக் கூடாது என்று பையின் குழாயைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடைப்பு விட்டதும் கிட்னி மடை திறந்த மாதிரி கொட்டும். கொட்டுகிற அளவுக்கு டிரிப் ஏற்ற வேண்டும், நர்ஸுகளுக்குக் கை ஓயவில்லை. ரத்தத்தில் தேங்கிய கழிவைக் காட்டும் கிரியேட்டினின் அளவு நாளுக்கு நாள் இறங்கியது. மறுபடி மெஷின் தேவைப்படவில்லை. பிறகு கல்லையும் எடுத்தார்கள். கிட்னி பிழைத்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. இன்னொரு தடவை அடைத்தால் தாங்காது. அதை இரண்டு பேரிடமும் மறைக்காமல் சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு அவள் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“வேலைக்குப் போற நாள் ஒண்ணு சொல்லுங்க. எழுந்ததுலேர்ந்து.”

விடியும் முன்னால் எழுவது, சோறு பொங்குவது, பாத்திக்கு நடப்பது, வாருவது, தூக்குவது, வெயில் ஏறி மத்தியானம் வீடு திரும்புவது வரை சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டேன்.

“இதுல தண்ணி எங்க வருது?”

“வூட்டுக்கு வந்து குடிப்பேன்.”

“அதுவரைக்கும்?”

அவள் வீரமுத்துவைப் பார்த்தாள். நான் அவரை மருந்து வாங்க அனுப்பினேன்.

“குடிச்சா வரும் இல்ல டாக்டரம்மா? வந்தா எங்க போறது? கண்ணுக்கு எட்டுன தூரம் பாத்திதான், ஒரு செடி கெடையாது. ஆம்பளைங்க இருக்காங்க, ரோட்ல பஸ்ஸு போவுது. அதுவும் இல்லாம உப்பு மகாலட்சுமி. அது வெளையற எடத்துல செருப்புப் போட்டே நடக்க மாட்டோம். அங்க போயி குந்துவோமா?”

“அப்போ எனக்குக் குடுத்த கேன்?”

“அது லீவு போட்டுப் புடிச்சது.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். “நான் மட்டும் இல்ல, எல்லாருமே அப்படித்தான். கேனைத் தூக்கிக்கினு பாத்திக்கா போவ முடியும்? டெஸ்டுன்னா ஒருநாள் லீவு போட்டுட்டு வூட்ல இருந்து புடிப்போம். வூட்ல இருந்தா நல்லாக் குடிப்போம். உங்களுக்கு நல்ல கேனாத் தரணும் இல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். வராந்தாவில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். சீஃப் சொன்னது சரி, கேன் பொய் சொல்லவில்லை. லீவு நாளைப் பற்றி அது உண்மையைத்தான் சொன்னது. உப்பளத்து நாளைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை. எத்தனை பெண்களின் நல்ல கேன்களை ஜன்னலில் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

வீரமுத்து திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “இனிமே நீ வேலைக்கே வரவேணாம்,” என்றார் அவர், முடிவாக.

“வூட்ல கெடந்து இந்த ஒரு கிட்னியக் காப்பாத்தி இன்னா பண்ணச் சொல்றே?” என்றாள் கன்னியம்மா. “ஒனக்கு ஜோடி யாரு போடுவா?”

அவள் உடம்பு தேறிப் பாத்திக்குத் திரும்பினாள். நான் அடுத்த வியாழக்கிழமை கிளினிக் முடிந்ததும் ஜீப்பை உப்பளத்துக்கு விடச் சொன்னேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மிகை இல்லை. நடுவில் நின்றால் வானமும் வெள்ளையும்தான். ஒரு கோழி நடந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியும். அந்த உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கூனிமேட்டுக்காரர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நரைத்த தாடி, மரியாதையான மனிதர். பெண்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் மேஸ்திரியைத் தள்ளிப் போகச் சொன்னார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“இத்தனை வருஷமா இதை யாரும் எங்கிட்ட சொன்னதில்ல மேடம்,” என்றார்.

“சொல்ல மாட்டாங்க பாய்.”

“பாத்தியில கூடாது. அது அவங்களே ஒத்துக்க மாட்டாங்க. கால்வாய்க் கரையில போட்டுத் தரேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் நீங்க வரும்போது இருக்கும்.”

சொன்னபடியே இருந்தது. நான்கு பக்கமும் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டி, கதவுக்குச் சாக்குப் படுதா, பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர். எனக்கு ஒரே பெருமை. திரும்பும் வழியெல்லாம் டிரைவரிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன், பாவம் அவர்.

கன்னியம்மாவிடம் புதுக் கேனைக் கொடுத்தபோது இந்தத் தடவை ஒரு நிபந்தனை போட்டேன். லீவு போடக் கூடாது, வேலை நாளில் பிடிக்க வேண்டும். வெட்கப்பட்டுச் சிரித்தாள், சரி என்றாள். கொண்டுவந்த கேனைத் தூக்கினேன். கையில் கனமே இல்லை. அடியில் கஷாயம் மாதிரிக் கொஞ்சம் கிடந்தது.

“இவ்ளோதானா?”

“அவ்ளோதான் வந்துச்சு. வூட்ல போனதுதான் அதுவும்.”

“அப்போ அந்த மறைப்பு?”

“நல்லாத்தான் இருக்குது டாக்டரம்மா. மத்தியான வெயிலுக்கு ஆடுங்க போயி படுத்துக்குது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நீங்க ஏன் போகலை?”

“ஒருத்தி மட்டும் பலகையப் போட்டுட்டு வரப்பு மேல நடந்தா, அவ எங்க போறான்னு பாத்தி முழுக்கத் தெரியும். எல்லாரும் நிமுந்து பாப்பாங்க. ஜோடி ஆளு கூடையோட நின்னுக்கினு முறைக்கும். இதுக்கு வாயக் கட்டிக்கினு இருந்துட்டுப் போலாம்.”

மறைப்புப் போட்டால் போதும் என்று நினைத்தவள் நான். ஆக வேண்டியது, எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்துவது. எல்லோரும் எழுந்தால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். அதைச் செய்யக்கூடியவர் மேஸ்திரி ஏழுமலை. உப்புக் காயும் பதம் போய்விடும், வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும், டீக்கெல்லாம் நிறுத்த முடியாது என்று பாயிடமே மறுத்துவிட்டார். கோபக்காரர், ஆனால் வேலை தெரிந்தவர், பாயும் வற்புறுத்தவில்லை. கன்னியம்மாவின் கிட்னி இன்னொரு கோடையைத் தாங்குமா என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த வருடக் கோடை முடிவதற்குள் ஏழுமலையே கிளினிக்குக்கு வந்தார். வந்தார் என்பதைவிட இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார், கட்டிலில் படுக்க வைக்க முடியவில்லை. கல் குழாயில் இறங்கும்போது வருகிற வலி அப்படி. பிரசவ வலியையும் பார்த்துவிட்டு இதையும் பார்த்த பெண்கள், பிரசவமே தேவலை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊசி போட்டோம். வலி அடங்கியதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். நாள் முழுக்க டீயும் கலர் சோடாவும்தான், தண்ணீரே குடிப்பதில்லை என்று அவர் மனைவி சொன்னார். கல் சிறியது, தானாக விழுந்துவிடும். யூரினைச் சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள், கல் விழுந்தால் எடுத்து வாருங்கள் என்று சொன்னேன்.

“மறுபடியும் வருமா டாக்டரம்மா?”

“தண்ணி குடிக்கலைன்னா வரும்.”

“குடிக்கிறேன். நீங்க எத்தினி சொன்னாலும் குடிக்கிறேன்.”

“நீங்க குடிக்கலாம், வந்தா திரும்பி நின்னா போதும். உங்க பாத்தியில இருக்கற பொம்பளைங்களுக்கு இதே வலி வந்தா வெளிய சொல்றதுகூட இல்லை. காலையில ரெண்டு தடவை வேலையை நிறுத்துங்க ஏழுமலை. எல்லாரும் ஒண்ணா.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் விழுந்தபோது அதைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்.

மழைக்காலம் வந்தது, பாத்தி மூழ்கியது, வேலை நின்றது. தை பிறந்து மறுபடி வேலை தொடங்கியபோது கிளினிக்கில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. வரப்பில் ஒரு பழைய இரும்புத் தகடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறதாம். வெயில் சுள்ளென்று ஏறுவதற்கு முன்னால் ஏழுமலை அதைத் தட்டுகிறாராம். ஆண்கள் ஒரு பக்கம் டீக்குப் போகிறார்கள், பெண்கள் எல்லோரும் சேர்ந்து கால்வாய்க் கரைக்கு. போகிற வழியில் குடிக்க ஒரு டிரம்மில் தண்ணீர். ஆடுகளை விரட்டிவிட்டார்கள்.

“மேஸ்திரிக்கு வலி வந்தாத்தான் நமக்கு டீ,” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடியும் சித்திரை. கன்னியம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தோம், புதிதாகக் கல் இல்லை. ஆனால் எனக்கு ஸ்கேனைவிட வேறொன்று பார்க்க வேண்டியிருந்தது. கேனைக் கொடுத்தேன், வேலை நாள் என்று மறுபடி நினைவுபடுத்தினேன்.

அடுத்த வியாழக்கிழமை அவள் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்தாள். பையிலிருந்து கேனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கேன் கழுத்தைத் தாண்டி மூடி வரை ததும்பியது.

“இன்னொரு கேன் குடுங்க டாக்டரம்மா. இது பத்தல. சாயந்திரமே ரொம்பிடுச்சு, ராத்திரி வந்ததெல்லாம் கீழ ஊத்திட்டேன்.”

“லீவு போட்டீங்களா?”

“லீவா? மேஸ்திரி சைக்கிள்லதான் கேனை மாட்டி வெச்சிருந்தேன். வேணும்னா அவரைக் கேளுங்க.”

விதிப்படி அந்த டெஸ்ட் செல்லாது. பாதியைக் கீழே கொட்டியாகிவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை. கேனை ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அலமாரியைத் திறந்து அவளுக்கு இரண்டு கேன்கள் எடுத்துக் கொடுத்தேன்.